‘ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சாச்சு’ - நிஜமாகவே முடிந்துவிட்டதா?

ஓசூர் சிப்காட் பக்கம் ஷிஃப்ட் முடிந்து டீக்கடையில் நிற்பவர்களிடம் சின்னச் சின்ன வழக்குகளைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்த வாசகம்தான் வரும்: “அதெல்லாம் அப்பவே ஃபைன் கட்டியாச்சு, கேஸ் முடிஞ்சாச்சு.” குடித்துவிட்டு பைக் ஓட்டியது, பணம் வைத்துச் சீட்டாடியது, பொது இடத்தில் தகராறு செய்தது என்று வழக்கு எதுவானாலும் நடைமுறை ஒன்றுதான். நீதிமன்றத்தில் பெயர் கூப்பிடுவார்கள். “குற்றத்தை ஒத்துக்கிறியா?” என்று கேட்பார்கள். “ஆமாங்க ஐயா.” அபராதம், ரசீது, வெளியே வந்து ஒரு டீ. மொத்தமே சில நிமிடங்கள்.

அந்தச் சில நிமிடங்களில் ஒரு குற்றவியல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்மானித்துவிட்டது என்பது பலருக்கும் தெரிவதில்லை. கன்விக்‌ஷன் என்று சட்டம் சொல்வது இதைத்தான். ஜெயிலுக்குப் போனால்தான் கன்விக்‌ஷன் என்பது நம் ஊரில் பரவலாக இருக்கும் தவறான எண்ணம். அபராதமும் தண்டனைதான். தண்டனை என்று ஒன்று இருந்தால், அதற்கு முன்னால் ‘குற்றவாளி’ என்ற தீர்மானமும் இருக்கும். சில வருடங்கள் கழித்து புதிய கம்பெனியின் பேக்ரவுண்ட் வெரிபிகேஷன் படிவத்திலோ வெளிநாட்டு விசா விண்ணப்பத்திலோ “நீங்கள் எப்போதாவது குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டது உண்டா?” என்ற கேள்வி வரும்போதுதான் பேனா நிற்கும்.

இதில் குழப்பத்துக்கு ஒரு முக்கியக் காரணம், இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்கு நாம் ‘ஃபைன்’ என்ற ஒரே பெயரை வைத்திருப்பதுதான். ஹெல்மெட் போடாததற்காக ரோட்டிலேயே அல்லது ஆன்லைனில் செலுத்தும் தொகை, மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-வது பிரிவின்படி சமரசத் தொகை. அதைக் கட்டிவிட்டால் மேற்கொண்டு நடவடிக்கை கிடையாது, தீர்ப்பும் கிடையாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் வரும் 185-வது பிரிவு அப்படிப்பட்டதல்ல. முதல் முறைக்கே 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. இது கோர்ட்டுக்குப் போகும். அங்கே ஒப்புக்கொண்டு கட்டும் 10,000 ரூபாய், தீர்ப்புக்குப் பிறகான அபராதம்.

சரி, தப்பு நடந்தது உண்மை. அதற்காக வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளும் ‘குற்றவாளி’ முத்திரைதான் ஒரே வழியா? வேறு பாதை ஏதாவது இருக்கிறதா?

‘டைவர்ஷன்’ என்றால் என்ன?

ஓசூர் - கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் தினமும் போய்வருபவர்களுக்கு இந்தச் சொல்லை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேம்பால வேலை நடக்கும் இடத்தில் ‘டைவர்ஷன்’ போர்டு வைத்து வண்டிகளைச் சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிடுவார்கள். குற்றவியல் சட்டத்திலும் அதே பொருள்தான். வழக்கு, விசாரணை, தீர்ப்பு, சிறை என்ற நேர்ப்பாதையிலிருந்து ஒருவரைத் திருப்பி, சிகிச்சை, இழப்பீடு, சமூகப் பணி, கண்காணிப்பு போன்ற வேறு பாதையில் அனுப்புவது. அந்தப் பாதையை ஒழுங்காகக் கடந்துவிட்டால் முத்திரை விழாது.

1989-ல் அமெரிக்காவின் மியாமியில் போதைப்பொருள் வழக்குகளுக்கென ஒரு தனி நீதிமன்றம் தொடங்கப்பட்டது. சிகிச்சைக்குப் போ, முழுதாக முடி, வழக்கைக் கைவிடுகிறோம் என்பதே அதன் ஏற்பாடு. பின்னர் அமெரிக்கா முழுவதும் இந்த மாதிரி பரவியது. சிங்கப்பூரில் 2011 முதல் சமூகம் சார்ந்த தண்டனைகள் நடைமுறையில் உள்ளன. அவற்றை முறையாக முடித்தால் அந்தக் குற்றப் பதிவு காலாவதியானதாகக் கருதப்படும்.

இந்தியாவில் பெரியவர்களுக்கு இப்படிப் பொதுவான ஒரு டைவர்ஷன் சட்டம் இல்லை. வழக்கைத் தள்ளிவைத்து, “ஒரு வருஷம் ஒழுங்கா இரு, பிறகு கைவிடுகிறோம்” என்று சொல்லும் அதிகாரம் நம் போலீஸுக்கும் கிடையாது, அரசு வழக்கறிஞருக்கும் கிடையாது. ஆனால் வெவ்வேறு சட்டங்களில் தனித்தனியாகச் சில கதவுகள் இருக்கின்றன. சில கதவுகள் தீர்ப்புக்கு முன்னால், சில தீர்ப்புக்குப் பின்னால். எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே விஷயமே.

ஸ்டேஷனிலேயே நடக்கும் டைவர்ஷன்

சட்டப் புத்தகத்துக்கு வெளியே ஒரு டைவர்ஷன் தினமும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. புகார் கொடுத்ததும் எஃப்ஐஆர் போடாமல் சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். “இனிமே இப்படிச் செய்ய மாட்டேன்” என்று எழுதி வாங்குவார்கள். முடிந்தது. சிஎஸ்ஆர் என்பதன் விரிவே ‘கம்யூனிட்டி சர்வீஸ் ரிஜிஸ்டர்’ என்பது ஒரு சுவாரசியமான பொருத்தம். கம்பெனிகளிலும் இதே கதைதான். பொருள் காணாமல் போய் ஆள் மாட்டினால், ராஜினாமா கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே விட்டுவிடுவார்கள்.

இது எல்லா நேரமும் கெட்டது என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுச் சண்டைகள் பலவும் இப்படித்தான் அடங்குகின்றன. ஆனால் இங்கே யாரைத் திருப்பி அனுப்புவது, யார் மேல் வழக்குப் போடுவது என்பதற்கு எழுதப்பட்ட விதி இல்லை. உள்ளூரில் நாலு பேரைத் தெரிந்தவருக்குப் பேச்சுவார்த்தை, ஒடிசாவிலிருந்து போன மாதம் வந்து இறங்கியவருக்கு எஃப்ஐஆர் என்று ஆகிவிடும் அபாயம் எப்போதும் உண்டு. மேல்முறையீடும் கிடையாது. எழுதப்பட்ட கதவுகள் தேவைப்படுவது இதனால்தான்.

தீர்ப்புக்கு முன்: சமரசம்

முதல் கதவு சமரசம். பிஎன்எஸ்எஸ் எனப்படும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 359-வது பிரிவு, எந்தெந்தக் குற்றங்களைப் பாதிக்கப்பட்டவர் சமரசம் செய்துகொள்ளலாம் என்று ஒரு பட்டியலே தருகிறது. சிறு காயம் ஏற்படுத்துதல், அத்துமீறி நுழைதல், சாதாரணத் திருட்டு எல்லாம் அதில் உண்டு. மோசடி போன்றவற்றுக்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது விளைவு. சமரசம் ஏற்கப்பட்டால் அது விடுதலைக்குச் சமம் என்று அதே பிரிவு சொல்கிறது. ‘குற்றவாளி’ என்ற சொல்லே வராது. ஹாஸ்டல் அறையில் கைகலப்பு, இரண்டு தையல், மறுநாளே இருவரும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறார்கள் என்ற நிலையில் இருக்கும் வழக்குக்கு இதைவிட நல்ல வழி இல்லை. பட்டியலில் இல்லாத குற்றமாக இருந்தாலும், அது தனிப்பட்ட தகராறு வகையைச் சேர்ந்ததாக இருந்தால், சமரசத்தின் அடிப்படையில் வழக்கை ரத்து செய்ய உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. 2012-ல் கியான் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. கொலை, பாலியல் வன்முறை போன்ற கொடும் குற்றங்களுக்கு இது பொருந்தாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது.

இந்தக் கதவின் சாவி பாதிக்கப்பட்டவர் கையில் இருக்கிறது. அவர் ‘முடியாது’ என்றால் முடியாதுதான். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற வழக்குகளில் சமரசம் பேசுவதற்கு எதிரில் ஆளே கிடையாது.

‘பேரம்’ பேசினால்?

2006 ஜூலையில் ‘ப்ளீ பார்கெயினிங்’ என்ற முறை வந்தது. இப்போது பிஎன்எஸ்எஸ்ஸில் முதல் முறை குற்றம் செய்தவர்களுக்குக் கூடுதல் சலுகையும் உண்டு. தண்டனை நான்கில் ஒன்றாகவோ ஆறில் ஒன்றாகவோ குறையலாம். ஆனால் தண்டனை குறையுமே தவிர, குற்றவாளி எனத் தீர்மானிப்பது அப்படியே இருக்கும். முத்திரை விழாமல் இருக்க வேண்டும் என்று நினைப்பவருக்கு இது கதவே இல்லை.

மூவாயிரம் ரூபாய் காப்பர் வயர்

2024 ஜூலை 1-ல் பாரதிய நியாய சன்ஹிதா (பிஎன்எஸ்) அமலுக்கு வந்தபோது அதிகம் பேசப்பட்டது ‘சமூக சேவை’ என்ற புதிய தண்டனை. ஆறு குற்றங்களுக்கு மட்டும் இது உண்டு. அவற்றில் சாதாரண ஆட்களைத் தொடுவது முக்கியமாக இரண்டு. பொது இடத்தில் குடித்துவிட்டு ரகளை செய்வது ஒன்று. மற்றொன்று, 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருடியது. முதல் முறை தண்டனை பெறுபவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால் ஜெயில் இல்லை, சமூக சேவைதான்.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. தொழிற்பேட்டைக்குக் கொண்டுவந்து பார்ப்போம். ஒரு கற்பனை உதாரணம். இருபது வயதுப் பையன், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். ஸ்கிராப் யார்டிலிருந்து 3,000 ரூபாய் மதிப்புள்ள காப்பர் வயரைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார். கேட் செக்கிங்கில் மாட்டுகிறார். நிறுவனம் புகார் கொடுக்கிறது. 5,000-க்குக் கீழ்தானே, சமூக சேவையோடு போய்விடும் என்று தோன்றும்.

போகாது. அந்தச் சலுகை சாதாரணத் திருட்டைச் சொல்லும் 303(2) பிரிவில் மட்டும்தான் இருக்கிறது. ஊழியர் தன் முதலாளியின் பொருளை எடுத்தால் அது 306-வது பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. அங்கே 5,000 ரூபாய் கணக்கும் இல்லை, சமூக சேவையும் இல்லை. அதாவது, யாரென்றே தெரியாத ஒருவரின் கடையிலிருந்து 3,000 ரூபாய் பொருளைத் திருடியவருக்குக் கிடைக்கும் சலுகை, வேலை பார்த்த இடத்தில் அதே மதிப்புக்குத் திருடியவருக்கு இல்லை. நம்பிக்கைத் துரோகத்துக்குக் கூடுதல் தண்டனை என்பது சட்டத்தின் பழைய தர்க்கம். ஆனால் வேலை செய்யும் இடமே ஊராக இருக்கும் ஒரு தொழில் நகரத்தில், புதிய சட்டத்தின் கருணை யாருக்குப் போய்ச் சேராது என்பதை இந்த இடைவெளி காட்டுகிறது.

ஆச்சரியம் என்னவென்றால், புதிய சட்டம் மூடிய கதவை அறுபத்தைந்து வயது தாண்டிய ஒரு பழைய சட்டம் திறந்தே வைத்திருக்கிறது.

1958-ன் சட்டம்

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1958. இதன் 3-வது பிரிவு, முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவரை, எச்சரித்து மட்டும் அனுப்பிவிட நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இரண்டு ஆண்டு வரை தண்டிக்கத்தக்க குற்றங்களோடு, திருட்டு, மோசடி உள்ளிட்ட சில குற்றங்களையும் அது பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அந்தப் பட்டியலில் ஊழியர் செய்யும் திருட்டும் (பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 381) இருக்கிறது. காப்பர் வயர் பையனுக்கு இங்கே இடம் உண்டு.

4-வது பிரிவு இன்னும் அகலமானது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றங்களைத் தவிர மற்றவற்றில், தண்டனை எதுவும் கொடுக்காமல், மூன்று ஆண்டுகள் வரை நன்னடத்தையோடு இருப்பேன் என்று பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்கலாம். தேவைப்பட்டால் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பும் சேரும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தரச் சொல்லவும் முடியும். பத்திரத்தை மீறினால், பழைய குற்றத்துக்கே தண்டனை வரும்.

6-வது பிரிவுதான் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பதே அதன் இயல்பான நிலை. அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், நீதிபதி நன்னடத்தை அலுவலரின் அறிக்கையைப் பெற்று, காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். ஆனால் ஒரு சிக்கல். வயதை எந்த நாளில் பார்ப்பது? விசாரணை நீதிமன்றம் தண்டனையை முடிவுசெய்யும் நாளில் என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருபது வயதில் செய்த தப்புக்கு வழக்கு இரண்டு வருடம் இழுத்தால், 6-வது பிரிவின் கட்டாயப் பாதுகாப்பு கைநழுவிப் போகும். 4-வது பிரிவு இருக்கும், ஆனால் அது நீதிபதியின் விருப்பத்தைப் பொறுத்தது.

எல்லாருக்கும் இது கிடைக்காது. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களையும் போதைப்பொருளைப் பயன்படுத்தியது போன்ற ஓரிரு குற்றங்களையும் தவிர மற்ற எதற்கும் இந்த நன்னடத்தை விடுதலை பொருந்தாது என்கிறது. அஜாக்கிரதையாக வண்டி ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்திய வழக்குகளில் ஓட்டுநர்களுக்கு இந்தச் சலுகையைத் தரக் கூடாது என்ற நிலையை 2000-ல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் எடுத்தது. லாரிகளும் கம்பெனி பஸ்களும் இடைவிடாமல் ஓடும் இந்தப் பகுதிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சேலம் ஜில்லா காலத்துக் கதை

இந்தக் கருத்து டெல்லியிலிருந்து வந்து இறங்கியது என்று நினைத்துவிட வேண்டாம். 1958-ல் மத்திய அரசு சட்டம் போடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் முன்பே, 1936-ல், சென்னை மாகாணம் தனக்கென ஒரு நன்னடத்தைச் சட்டத்தை இயற்றிவிட்டது. இளம் குற்றவாளிகளைப் பெரியவர்களின் சிறையில் போடாமல் தனியாக வைக்கும் போர்ஸ்டல் பள்ளிகளுக்கான சட்டம் அதற்கும் முன்னால், 1925-ல்.

அடுத்த ஆண்டே இன்னொன்று நடந்தது. ஓசூருக்குப் பக்கத்தில் உள்ள தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, மாகாணத்தின் பிரதமராக வந்து, 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள்தான் ஓசூரும் கிருஷ்ணகிரியும் இருந்தன. (1965-ல் தருமபுரி பிரிந்தது. 2004-ல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது.) ஆக, குற்றம் செய்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவதற்கான சட்டமும், அதுவரை பழக்கமாக இருந்த ஒன்றைக் குற்றமாக்கிய சட்டமும் இந்த மண்ணுக்கு அடுத்தடுத்து வந்தன.

அந்த 1937 சட்டம், பல திருத்தங்களோடு, இன்றும் உயிரோடு இருக்கிறது. கர்நாடகத்து அத்திப்பள்ளியில் கடையில் பில் போட்டு வாங்கிய மது பாக்கெட்டை அனுமதியில்லாமல் ஜூஜூவாடி சோதனைச்சாவடி தாண்டிக் கொண்டுவந்தால் வழக்கு. சில நூறு மீட்டரில் வாடிக்கையாளர் குற்றம்சாட்டப்பட்டவராக மாறிவிடுகிறார். கள்ளக்குறிச்சி சோகத்துக்குப் பிறகு 2024-ல் இந்தச் சட்டத்தின் தண்டனைகள் இன்னும் கடுமையாகியிருக்கின்றன. வண்டி நிறையக் கடத்துபவரும், வார இறுதியில் பையில் நாலு பாக்கெட் வைத்திருந்தவரும் ஒரே சட்டத்தின் கீழ்தான் நிற்கிறார்கள்.

முத்திரை அழியுமா?

நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவருக்கு, அந்தத் தீர்ப்பின் காரணமாகச் சட்டப்படி வரும் தகுதியிழப்பு எதுவும் கிடையாது என்று 1958 சட்டத்தின் 12-வது பிரிவு சொல்கிறது. இதை நம்பி “எனக்கு கன்விக்‌ஷனே இல்லை” என்று படிவத்தில் எழுதிவிடலாமா? கூடாது. 1990-ல் பக்‌ஷி ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பட்டென்று உடைத்துச் சொன்னது: 12-வது பிரிவு தகுதியிழப்பைத்தான் நீக்குகிறது, குற்றம் செய்தார் என்ற தீர்மானத்தை அல்ல. அந்த நடத்தைக்காகத் துறை ரீதியான நடவடிக்கை எடுக்கத் தடை இல்லை.

மறைப்பது இன்னும் ஆபத்து. 2016-ல் அவ்தார் சிங் வழக்கில், வேலைக்கான படிவத்தில் வழக்கு விவரத்தை மறைப்பது பற்றி உச்ச நீதிமன்றம் விரிவாகவே பேசியது. இளம் வயதின் அற்பமான வழக்குகளை வேலை தருபவர் தன் விருப்பப்படி பொருட்படுத்தாமல் விடலாம் என்றது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதே அதன் அடிநாதம். அது அரசுப் பணி தொடர்பான தீர்ப்பு. தனியார் ஹெச்ஆருக்கு அந்தக் கட்டுப்பாடுகூடக் கிடையாது. சிறு குற்றப் பதிவுகளைச் சில வருடங்கள் கழித்துத் துடைத்துவிடும் பொதுச் சட்டமும் இந்தியாவில் இல்லை.

ஆகவே வரிசை இப்படி அமைகிறது: சமரசத்தால் விடுதலை என்றால் ‘இல்லை’ என்று தைரியமாக எழுதலாம். நன்னடத்தை விடுதலை என்றால் ‘ஆம், ஆனால் தண்டனை இல்லை’ என்று விளக்கி எழுத வேண்டும். சமூக சேவை, பேரம், ஒப்புக்கொண்டு கட்டிய அபராதம் எல்லாமே வெறும் ‘ஆம்’.

முகவரி எங்கே?

4-வது பிரிவில் ஒரு நிபந்தனை இருக்கிறது. விடுவிக்கப்படுபவருக்கோ அவருக்குப் பிணை நிற்பவருக்கோ அந்த நீதிமன்ற எல்லைக்குள் நிலையான வசிப்பிடமோ நிரந்தரமான தொழிலோ இருக்க வேண்டும். அல்லது பத்திரக் காலம் முழுக்க அவர் வாழப்போகும் இடத்தில் அப்படி ஒன்று இருக்க வேண்டும்.

ஒரு அறையில் எட்டுப் பேர், ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறும் படுக்கை, ஆதாரில் ஒடிசா முகவரி, சம்பளச் சீட்டில் கான்ட்ராக்டர் பெயர் என்று வாழ்பவருக்கு ‘நிலையான வசிப்பிடம்’ எங்கே? பிணை நிற்க உள்ளூர்க்காரர் யார்? இன்னொரு வகை, அத்திப்பள்ளியில் வாடகைக்குத் தங்கி ஓசூரில் வேலை பார்ப்பவர்கள். வீடு ஒரு மாநிலம், வழக்கு இன்னொரு மாநிலம். கண்காணிக்க வேண்டிய தமிழக நன்னடத்தை அலுவலர், நம் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்தவர்.

சட்டத்தின் வாசகம் இவர்களைக் கைவிடவில்லை என்பது முக்கியம். ‘வசிப்பிடம் அல்லது தொழில்’ என்றுதான் அது சொல்கிறது. வேலை ஓசூரில் இருந்தால் போதும். ஆனால் அதை நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதம் வேண்டும். வழக்கு வந்த மறுநாளே ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டால், நன்னடத்தைக்கு இருந்த ஒரே ஆதாரமும் போய்விடும். இந்தக் கோணத்தில் நிறுவனங்கள் யோசிப்பது அரிது.

போதைக்கு வேறு கதவு

போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குள் 64ஏ என்று ஒரு பிரிவு இருப்பது அவ்வளவாகத் தெரியாது. போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம்சாட்டப்பட்டிருந்து, தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், அந்த வழக்கிலிருந்தே விலக்கு. கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை. சிகிச்சையைப் பாதியில் விட்டால் விலக்கைத் திரும்பப் பெறலாம்.

இந்தியாவில் பெரியவர்களுக்கான உண்மையான டைவர்ஷன் எது என்று கேட்டால், மியாமி மாதிரிக்கு மிக அருகில் நிற்பது இதுதான். 2001-ல் கொக்கைன் வழக்கில் சிக்கிய இந்தி நடிகர் ஒருவர், அரசு மருத்துவமனையில் சிகிச்சை முடித்து, 2012-ல் மும்பை சிறப்பு நீதிமன்றத்தில் இந்தப் பிரிவின் கீழ்தான் விலக்குப் பெற்றார். நல்ல வக்கீல் வைத்திருந்தவருக்கே பத்து வருடத்துக்கு மேல் ஆனது. ஓசூர்க்காரர்களுக்கு ஒரு வசதி, போதை சிகிச்சைக்கெனத் தனி மையம் வைத்திருக்கும் நிம்ஹான்ஸ், பக்கத்து பெங்களூரில் இருக்கிறது. போதை மறுவாழ்வுக்கான தேசிய உதவி எண் 14446.

18 வயதுக்குள் என்றால்

சிறார்களுக்கு மட்டும் சட்டம் ‘டைவர்ஷன்’ என்ற சொல்லையே பயன்படுத்துகிறது. 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம் இதை ஒரு கொள்கையாகவே எழுதிவைத்திருக்கிறது. பெரியவர்களோடு சேர்ந்து செய்தது அல்லது கொடும் குற்றம் என்றால் தவிர எஃப்ஐஆரே போடக் கூடாது என்கின்றன விதிகள். ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தை விடுதலை என்று இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் பல வழிகள் உண்டு. பிற்காலத்தில் எந்தத் தகுதியிழப்பும் வராது. பதிவுகளையும் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழித்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் பலருக்கும் 2024 மே மாதத்து புனே நினைவுக்கு வரும். சொகுசு கார் மோதி இரண்டு இளம் ஐடி ஊழியர்கள் இறந்த வழக்கில், காரை ஓட்டிய சிறுவனுக்கு ‘300 வார்த்தையில் கட்டுரை எழுது’ என்ற நிபந்தனையோடு ஜாமீன் கிடைத்தது. நாடே கொதித்தது, சில நாட்களில் உத்தரவு மாறியது. கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு வழக்கை வைத்து டைவர்ஷனே பணக்காரர்களுக்கான சலுகை என்று முடிவு கட்டினால் இழப்பு யாருக்கு? பணம் இருப்பவருக்கு எந்தச் சட்டத்திலும் வழி கிடைக்கும். 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். கதவுகளை மூடினால் முதலில் முட்டிக்கொண்டு நிற்பவர்கள் அவர்கள்தான்.

பிறகு ஏன் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்?

அறியாமை மட்டும் காரணமல்ல, கணக்கும் இருக்கிறது. வழக்கை நடத்தினால் ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் சம்பளம் போகும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு மூன்று நாள் லீவு என்றால் வேலையே போகலாம். பாஸ்போர்ட்டுக்கோ, நிலுவையில் இருக்கும் வழக்குதான் பெரிய முட்டுக்கட்டை. சின்ன அபராதத்தோடு முடிந்த வழக்கு அந்த அளவுக்குத் தடையாகாது. தண்டனை இரண்டு ஆண்டு சிறைக்குக் குறையாமல் இருந்தால்தான் அந்தச் சட்டம் அதைப் பொருட்படுத்துகிறது. “ஒத்துக்கிட்டு கட்டிட்டுப் போயிடு தம்பி” என்று சொல்பவர் எப்போதும் தவறாகச் சொல்கிறார் என்று சொல்லிவிட முடியாது. நாளைக்கே வெளிநாடு கிளம்ப வேண்டியவருக்கு அதுவே சரியாக இருக்கலாம்.

தவறு, கேட்காமலேயே ஒப்புக்கொள்வதில் இருக்கிறது. சமரசக் கதவு தீர்ப்புக்கு முன்னால்தான் எளிதாகத் திறக்கும். ஒப்புக்கொள்ளத்தான் போகிறோம் என்றாலும், “இதுவே முதல் வழக்கு, நன்னடத்தைச் சட்டத்தின் 3 அல்லது 4-வது பிரிவைப் பரிசீலிக்க வேண்டும்” என்று அதே நாளில், தண்டனை சொல்லப்படுவதற்கு முன் கேட்க வேண்டும். பெயர் கூப்பிட்டு ரசீது வாங்கும் சில நிமிடங்களில் அதைக் கேட்க ஒரு வக்கீல் வேண்டும்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசு? 1987-ன் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, யார் யாருக்கு இலவச வக்கீல் உரிமை என்று பட்டியலிடுகிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சமூகத்தினர், காவலில் இருப்பவர்கள் என்று போகும் அந்தப் பட்டியலில் ‘தொழிற்சாலைத் தொழிலாளி’ என்றும் ஒரு வரி இருக்கிறது. அந்த வரியில் வருமான வரம்பு எதுவும் இல்லை. அழைக்க வேண்டிய எண் 15100. கோர்ட் தேதிக்கு முதல் நாள் அல்ல, சம்மன் கையில் கிடைத்த அன்றே.